கித்தாரைக் குலுக்கிப் பார்த்தவர்

கூட வருகிறவர் என்று ஒரு மனித வகை உண்டு. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூட வருகிறவரைச் சொல்லவில்லை. கடைக்குக் கூட வருகிறவர். சைக்கிளோ, கறவை மாடோ, பொய்ப்பல்லோ, நீங்கள் எதை வாங்கப் புறப்பட்டாலும் அந்தச் செய்தி இவருக்கு எப்படியோ எட்டிவிடும். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "தனியா போனா ஏமாத்திப்புடுவான்" என்று வாசலில் வந்து நிற்பார். அந்தப் பொருளை அவர் ஆயுளில் ஒருமுறையாவது தொட்டிருக்க வேண்டாமா? வேண்டாம். தொடாதவருக்குத்தான் துணிச்சல் அதிகம்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இந்தப் பதவியை வகித்தவர், பட்டறை டைம்கீப்பர் வேலாயுதம். அந்த ஊர் முள்பழமான டுரியானைப் பொறுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பழத்தைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். உள்ளே கொட்டை ஆடினால் பழம், ஆடாவிட்டால் காய். பத்துக்கு ஒன்பது தப்பாது. அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த டிசம்பரில் குமாஸ்தா கிளாரன்ஸ் கித்தார் வாங்கப் புறப்பட்டான். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும் கோஷ்டிக்கு அவன்தான் வாசிப்பதாக ஏற்பாடு. அவனிடம் கித்தார் இல்லையென்றால் கோஷ்டியில் இருக்கும் கிரிகரி தன் மவுத் ஆர்கனை எடுத்துவிடுவான். அவனுக்கு எந்தப் பாட்டும் ஒரே பாட்டுத்தான். அதைவிடப் பெரிய காரணம், இரண்டாவதாகப் பாட வேண்டியது செசிலியாவின் வீட்டு வாசலில். கிளாரன்ஸ் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும்.

பத்து ரோடு என்ற கடைத்தெருவில் ஒரு சீனர் கடையில் இரண்டு கித்தார் இருந்தன. ஒன்று புதிது, மற்றது ஊர் திரும்பிய யாரோ ஒரு துரை விட்டுப்போனது. கிளாரன்ஸ் புதியதை எடுத்து மீட்டினான். ஒலி நேராக அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

"இதுவே போதும்ணே."

"அதுக்குள்ளயா? கொண்டா இங்க."

வேலாயுதம் தந்தியைத் தொடவேயில்லை. விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். சத்தமே இல்லை.

"காய்."

"அண்ணே, இது கித்தாருண்ணே."

"எதுவா இருந்தா என்ன தம்பி, மரத்துலேருந்து வந்ததுதானே?"

அதைக் கிளாரன்ஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் குலுக்கினார். உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது. அவர் முகம் மலர்ந்தது. நெஞ்சில் இப்படிச் சத்தம் கேட்டால் ஆஸ்பத்திரியில் படுக்கை போடுவார்கள்; வேலாயுதம் விலை பேசினார்.

கடை முதலாளியான தவுக்கேவுக்கே மனம் கேட்கவில்லை. "அது பழசுலா! உள்ள கட்டை விட்டுப்போச்சு. புதுசுதான் பாகுஸ், நல்லது!"

"பாத்தியா? நல்லத விக்க அவனுக்கு மனசு வரல."

லீவு போட்டுவிட்டு, வெயிலில் நடந்து, சொந்தக் குடையோடு வந்திருக்கிற பெரியவரை அந்நியர் முன்னால் மறுத்துப் பேசுவதா? கிளாரன்ஸின் கை புதியதை விடவில்லை; வாய் மட்டும் "சரிண்ணே" என்றது.

முதல் வீடு எப்படியோ கடந்தது. இரண்டாவது வீட்டில் செசிலியாவின் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கிளாரன்ஸ் உற்சாகமாக ஓங்கி ஒரு மீட்டு மீட்டினான். படார்! தந்திகளைப் பிடித்திருந்த கட்டை பெயர்ந்து அந்த அப்பாவின் மடியில் விழுந்தது. செசிலியா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மீதிப் பதினொரு வீட்டுக்கும் கிரிகரிதான்.

மறுநாள் கிளாரன்ஸ் கித்தாரை வேலாயுதத்தின் முன்னால் வைத்தான். அவர் அதை இன்னொரு தரம் குலுக்கிப் பார்த்தார்.

"சரக்கு நல்ல சரக்குத்தான் தம்பி. ஒனக்குக் கை கனம். அது போவட்டும், அந்தப் பொண்ணு வீட்டுக்கு எப்ப பேசப் போற? நானும் வரேன்."

அவர் கை குடையைத் தேடியது. அங்கே போய் யாரை எங்கே தட்டிப் பார்ப்பாரோ!

"வேணாம்ணே," என்றான் கிளாரன்ஸ். வாழ்க்கையிலேயே முதல் தடவை. தனியாகப் போனான். பெயர்ந்த கட்டையை இன்னும் கையில் வைத்திருந்த செசிலியாவின் அப்பா, "உள்ள வா," என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் பக்கத்து வீட்டார் தையல் மிஷின் வாங்கப் போனபோது, அவர்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றது யார்?