டாக்டர் சுபலட்சுமி விடுப்பில் இருக்கிறார்

ஒத்தக்கடையில் ஜெயபாண்டி அடிக்காத மூஞ்சியே கிடையாது. பயந்துவிடாதீர்கள், ஃப்ளெக்ஸில் அடிப்பதைத்தான் சொல்கிறேன். காதுகுத்தா, கல்யாணமா, கபடிக் குழுவுக்கு மூன்றாம் பரிசா, யாராவது யாரையாவது வாழ்த்தியே தீரவேண்டுமா, அவன் கடைக்குத்தான் வரவேண்டும். வழுக்கைத் தலையில் முடி நட்டுத் தருவான். கைக்குழந்தையை யானைமேல் உட்கார வைப்பான். ஒருமுறை காதணி விழா ஃப்ளெக்ஸ் ஒன்றில் இருநூற்றுப் பதினாறு தாய்மாமன்களை நெருக்கடி இல்லாமல் நிறுத்திக் காட்டினான். காது குத்துகிற பிள்ளைக்குத்தான் இடமில்லாமல் போனது.

இப்பேர்ப்பட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டி பல் டாக்டர். பெயர் சுபலட்சுமி. கடைக்கு மேல்மாடியில் கிளினிக். அதற்குப் பின்னாலேயே வீடு, வீட்டில் மாமியாரும் ஒரு மகளும். கிளினிக்குக்கு ஒரு போர்டு உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையின் சிலேட்டைவிடச் சற்றுப் பெரிசு. பேர், படிப்பு, பதிவு எண், அம்புட்டுத்தான். மாடியேறி வந்து கண்ணை இடுக்கிப் படித்தால்தான் பல் ஆஸ்பத்திரி என்று தெரியும். கண்ணை இடுக்கியும் தெரியாத இரண்டு பேர் கண் ஆஸ்பத்திரி என்று நினைத்து உள்ளே வந்திருக்கிறார்கள்.

சுபலட்சுமி அதிகம் பேசமாட்டாள். வருசத்துக்கு ஒருமுறை, சீசன் தொடங்கியதும், "ஏங்க, குத்தாலம் போவமா?" என்பாள். "கடைய யாரு பாக்குறது?" என்பான் ஜெயபாண்டி. எட்டு வருசமாக இதே கேள்வி, இதே பதில்.

அந்த ஆடியில்தான் எதிர்ச்சாரியில் ஒரு புதுப் பல் ஆஸ்பத்திரி முளைத்தது. முளைத்த அன்றைக்கே இருபதடி ஃப்ளெக்ஸ். 'ஆடித் தள்ளுபடி! இரண்டு பல் பிடுங்கினால் மூன்றாவது பல் இலவசம்!' அதில் சிரித்துக்கொண்டு நின்ற பெண்ணுக்கு எண்ணிப் பார்த்தால் நாற்பது பல். எண்ணியவன் ஜெயபாண்டி. அடித்துக் கொடுத்தவனும் அவனேதான். தொழில் என்று வந்துவிட்டால் கேட்டதை அடித்துக் கொடுக்கத்தானே வேண்டும்?

அதை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினால், கீழே ராம்கி நிற்கிறான். பேப்பருக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டு, ஜெயபாண்டியோடு ஒரே பெஞ்சில் படித்தவன்.

"என்ன மாப்ள, ஊருக்கெல்லாம் இருபதடி. தங்கச்சிக்கு மட்டும் சிலேட்டா?"

சுருக்கென்றது ஜெயபாண்டிக்கு. ஏணியின் கடைசிப் படியில் நின்றபடியே சபதம் செய்தான்.

"நாப்பதடி வைக்கிறேன்டா! எவன் தடுப்பான்னு பாக்குறேன்!"

சொன்னதுபோல அன்று மாலைக்குள் அடித்தும் விட்டான். வெள்ளைக் கோட்டில் சுபலட்சுமி, கையில் குறடு, பின்னால் இரண்டு சிங்கங்கள். தலைக்கு மேல் 'பல்லுலகப் பேரரசி'. ஓரமாகக் கூலிங் கிளாஸ் போட்டுத் தன் படம், அதற்குக் கீழே 'இவண்: பேரரசியின் கணவர்'. மாடியில் விரித்துக் காட்டினான்.

"இது என்னங்க?"

"நீதான்."

"அது தெரியுது. சிங்கம் எதுக்கு?"

"அதுக்கும் பல்லு இருக்குல்ல?"

சுபலட்சுமி சிரிக்கவில்லை. "போட்டோ போடக் கூடாது. தள்ளுபடின்னு கூவக் கூடாது. போர்டு அளவுக்கு மீறிப் பெருசா இருக்கக் கூடாது. படிச்ச பட்டத்தத்தான் போடலாம். பேரரசிப் பட்டம் எந்த காலேஜ்ல குடுத்தாங்க?"

"யாரு போட்ட சட்டம் இது?"

"டெண்டல் கவுன்சில்."

"டெண்டல் கவுன்சிலு என்ன, ஒத்தக்கடைக்கு வந்து அண்ணாந்து பாக்கப்போகுதா?"

"பாத்துட்டு என் பதிவ நிறுத்தி வச்சா? நீங்க வந்து பல்லு பிடுங்குவீங்களா?"

"எதுத்தாப்புல வச்சிருக்கான்ல?"

"அவங்க பதிவு, அவங்க பாடு. நான் இதுக்கு அஞ்சு வருசம் கண்ணு முழிச்சுப் படிச்சிருக்கேன்."

"அப்ப நான் அடிச்ச நாப்பதடி?"

"கூழ்வத்தல் காயவைக்க விரிப்பு இல்லன்னு அத்தை சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

மறுநாள் மொட்டைமாடியில் பேரரசி குப்புறக் கிடந்தாள். முதுகு முழுக்கக் கூழ்வற்றல். ஜெயபாண்டியின் அம்மா பாண்டியம்மாள் காக்கா விரட்டிக்கொண்டு, "நல்ல கெட்டிச் சீலையா அடிச்சிருக்கடா தம்பி" என்று மகனைப் பாராட்டினாள்.

இதோடு விட்டிருந்தால் அவன் ஜெயபாண்டி இல்லை. "சட்டம் எழுதுனவனுக்கு ஒரு மூளைன்னா, ஃப்ளெக்ஸ் அடிக்கிறவனுக்கு ரெண்டு மூளை" என்று சொல்லிக்கொண்டு, சுபலட்சுமியின் மேசையிலிருந்து அந்தக் கவுன்சில் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் படிக்காத படிப்பெல்லாம் படித்தான். அது கூடாது, இது கூடாது என்று பக்கம் பக்கமாகப் போனது. கடைசியில் ஓர் இடத்தில் ஓட்டை தெரிந்தது. சிவப்பு மையால் அடிக்கோடு போட்டான். மூன்று மூன்று படியாக மாடிக்குத் தாவினான்.

"சுபா! நீ லீவுல போற!"

"நானா?"

"இங்க பாரு. பேப்பர்ல முறைப்படி அறிவிப்புக் குடுக்கலாமாம். தொழில் தொடங்குறப்ப. முகவரி மாறுறப்ப. விடுப்புல போறப்ப. விடுப்பு முடிஞ்சு திரும்புறப்ப. தொழில் தொடங்கி எட்டு வருசமாச்சு, அதுக்கு வழியில்ல. ஆனா விடுப்பு? போறோம்னு ஒரு அறிவிப்பு, வந்துட்டோம்னு ஒரு அறிவிப்பு. ரெண்டுலயும் உன் பேரு, உன் முகவரி. அம்புட்டும் சட்டப்படி! கவுன்சிலே வந்து கைகுடுத்துட்டுப் போகணும்!"

சுபலட்சுமி புத்தகத்தை வாங்கினாள். சிவப்புக் கோடு போட்ட இடத்தை ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள்.

"நல்ல யோசனைங்க" என்றாள்.

எட்டு வருசத்தில் அவள் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்ததே இல்லை. அப்போதே ஜெயபாண்டி உஷாராகியிருக்க வேண்டும். அவன் எங்கே உஷாராவது? மீசையைத் தடவுகிற வேலை இருந்தது.

"எத்தன நாள் போடட்டும்?" என்று கேட்டாள்.

"பத்து நாள் போடு. அப்பத்தான் பெரிய டாக்டருன்னு நினைப்பாங்க."

"பொய்யா அறிவிப்புப் போட்டா அதுவும் தப்புதான். தெரியும்ல?"

"என்ன பொய்யி? பத்து நாள் கிளினிக்கப் பூட்டிட்டு வீட்ல இரு. லீவுதான?"

"ம்" என்றாள் சுபலட்சுமி. அந்த 'ம்'மில் எத்தனை அருவி கொட்டிக்கொண்டிருந்தது என்று அவனுக்குக் கேட்கவில்லை.

அறிவிப்பை அவளே எழுதினாள். தீப்பெட்டி அளவு. 'பல் மருத்துவர் சுபலட்சுமி ஜூலை 21 முதல் 30 வரை விடுப்பில் இருப்பார்', கீழே முகவரி. சுற்றிக் கறுப்புக் கட்டம் போட்டு 'கண்ணீருடன்' என்று சேர்க்கலாமா என்று ஜெயபாண்டி கேட்டதற்கு, "அது செத்தவங்களுக்குப் போடுறது மாப்ள" என்று ராம்கிதான் காப்பாற்றினான்.

இருபத்தொன்றாம் தேதி காலையில் பேப்பரை எட்டாக மடித்துக்கொண்டு, அறிவிப்பு மட்டும் தெரிகிற மாதிரி பிடித்தபடி மாடிக்கு வந்தான். வாசலில் மூன்று பை.

"யாரு பை இது?"

"நம்ம பைதான். குத்தாலம் போறோம். மாட்டுத்தாவணியில பஸ்ஸு. எங்கக்கா முனீஸ்வரி வில்லாபுரத்துல இருந்து நேரா அங்க வந்துருவா."

"நீ வீட்டுலதான இருக்கணும்?"

"மாடிப்படியில என்னைய எவராச்சும் பாத்துட்டா? டாக்டர் இங்கதான இருக்குன்னு சொல்லிட்டா? பேப்பர்ல போட்டது பொய்யாயிரும். பதிவு என்னத்துக்கு ஆகுறது? நீங்க எம்புட்டுக் கஷ்டப்பட்டுச் சட்டம் படிச்சிருக்கீங்க!"

"பாப்பா?"

"ரெண்டாப்புப் படிக்கிறவள லீவு போடச் சொல்லவா? அவளுக்கு எந்தப் பேப்பர்லயும் அறிவிப்பு வரலையே."

ஜெயபாண்டி கடைசி ஆயுதத்தை எடுத்தான். "அம்மாவுக்கு யாரு துணை?"

கீழே ஆட்டோவிலிருந்து பாண்டியம்மாளின் குரல் வந்தது. "நான் ஏறி உக்காந்துட்டேன்டா! சுபா, வத்தல் டப்பாவ மறந்துறாத தாயி!"

அந்தப் பத்து நாளை ஜெயபாண்டி மறக்கமாட்டான். மகள் பவதாரிணிக்கு இரட்டைச் சடை போட வேண்டும். முதல் நாள் ஒரு சடை மேலூரைப் பார்த்தது, இன்னொன்று மாட்டுத்தாவணியைப் பார்த்தது. இரண்டாம் நாள் ஃப்ளெக்ஸ் கட்டுகிற நைலான் கயிற்றால் இறுக்கிவிட்டான். சடை நேராக நின்றது, பிள்ளையின் புருவம்தான் நெற்றிக்கு ஏறிவிட்டது. அவள் வகுப்பு ஜோசபின் டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார்: 'குழந்தை எதைப் பார்த்தாவது பயந்துவிட்டாளா?'

தோசையைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு டப்பாவில் வைத்தான். "அப்பா, இது திங்கிறதா மாட்டுறதா?" என்று கேட்டாள் பிள்ளை.

ஐந்தாம் நாள் போன் போட்டான்.

"சுபா, ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துரு."

"எப்பிடிங்க? முப்பது வரைக்கும்னு அச்சுல இருக்கே." பின்னால் அருவி இரைந்தது. அருவிக்கு மேல் பாண்டியம்மாளின் சிரிப்பு கேட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜெயபாண்டியின் கணக்கு தப்பவில்லை. மூன்றாம் நாளே ஆட்கள் மாடியேறத் தொடங்கினார்கள். இருந்தபோது ஊருக்குத் தெரியாத டாக்டர், இல்லை என்றதும் தெரிந்துபோனார். வெங்காயம் விற்கிற பேயாண்டி பேப்பரோடு வந்து நின்றார்.

"ஏப்பா, இம்புட்டு நாளா இந்த மாடியில பல் டாக்டரு இருக்குன்னே தெரியாது. இல்லன்னு போட்டப்பறந்தான் தெரியுது. எப்ப வாராக?"

"முப்பத்தொன்னு. வலியா அண்ணே?"

"வலியில்ல, ஒரு பல்லு ஆடுது. பொறுத்துக்கிருவேன்."

"அவசரம்னா எதுத்தாப்புல..."

"வேணாம்ப்பா. எனக்கு ஆடுறது ஒத்தப் பல்லு. அங்க மூணப் பிடுங்கிருவாக."

முப்பதாம் தேதி இரண்டாவது அறிவிப்பு வந்தது. முப்பத்தொன்றாம் தேதி காலையில் வரிசை மாடிப்படி இறங்கி, ஜெயபாண்டியின் கடையைத் தாண்டி, டீக்கடை வரைக்கும் நின்றது. குற்றாலத்துத் தண்ணீரில் பளபளவென்று வந்திருந்த சுபலட்சுமி உட்கார நேரமில்லாமல் பல் பார்த்தாள். எதிர்ச்சாரியில் நாற்பது பல் பெண் யாருமில்லாத வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெயபாண்டி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வரிசையின் ஓரமாக நான்குமுறை நடந்தான்.

சாயங்காலம் கடைசி ஆள் போனதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"எப்பிடி நம்ம யோசன?"

"அருமைங்க. அதான் அடுத்ததையும் எழுதி வச்சிட்டேன்" என்று ஒரு தாளை நீட்டினாள். அக்டோபரில் பத்து நாள் விடுப்பு. ஜனவரியில் பத்து நாள். ஏப்ரலில் பத்து. "அக்டோபர் கொடைக்கானல். அத்தைக்கு ஸ்வெட்டர் வாங்கியாச்சு."

ஜெயபாண்டியின் கண் முன்னால் இரட்டைச் சடைகள் வரிசையாக நின்றன. பொங்கிவிட்டான்.

"முடியாது! முடியாதுன்னா முடியாது! இந்த வீட்டுல இனிமே விடுப்பு அறிவிப்பே கிடையாது! நான் சொல்றதுதான் சட்டம்!"

"சரிங்க" என்றாள் சுபலட்சுமி. கோபமே இல்லை. விதிப் புத்தகத்தைத் திறந்து, சிவப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். "அப்ப நீங்க அடிக்கோடு போட்டதுல இன்னொன்னு பாக்கி இருக்கு. முகவரி மாறுறப்பவும் போடலாம். வில்லாபுரத்துல எங்கம்மா வீட்டு மாடி சும்மாத்தான் கிடக்கு. அத்தையும் வாரேன்னுட்டாங்க."

ஜெயபாண்டி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் ஸ்வெட்டரைப் போட்டு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்தான்.

"ராம்கி... அக்டோபருக்கு ஒரு தீப்பெட்டி அளவு இடம் போட்டு வையி."

பவதாரிணி ஓடிப்போய்ச் சீப்பை எடுத்துவந்து அவன் கையில் வைத்தாள். "அப்பா, அதுக்குள்ள நேர்வகிடு எடுக்கவாச்சும் பழகிரு."