தலையெண்ணியும் காசியின் தூக்குவாளியும்

நெய்வேலியில் யாரையும் நம்பாதவர்கள் பலர் உண்டு. எண்ணிப் பார்க்காமல் சொந்தக் குடும்பத்தையே நம்பாதவர் எங்கள் ஃபோர்மேன் ஒருவர்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கு அவர் தலையெண்ணி.

சுரங்கத்தில் மண்ணைச் சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட் அவர் பொறுப்பு. பெல்ட்டை நிறுத்திவிட்டு, அடியில் சிந்திய மண்ணை எட்டுப் பேர் வாருவார்கள். மேலே வந்ததும் ஆளுக்கொரு பித்தளை டோக்கனைப் பலகையில் மாட்ட வேண்டும். எட்டும் தொங்கினால் சங்கு ஊதி பெல்ட்டை ஓட்டலாம். இவரோ டோக்கனை எண்ணி, தலையை எண்ணி, மறுபடி டோக்கனை எண்ணுவார். பண்ருட்டி பஸ்ஸில் கண்டக்டருக்கு முன்பே எண்ணி முடித்துவிடுவார். ஒருமுறை சினிமாவுக்குக் கூட்டிப்போன நான்கு பிள்ளைகளையும் கணக்குப் பிசகாமல் வீட்டுக்கு அழைத்துவந்தார். அதில் ஒன்று அடுத்த பிளாக் பிள்ளை! அன்றிலிருந்து தலையோடு செருப்பையும் பார்க்க ஆரம்பித்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்பார்வையாளர்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி வந்தது. "கீழே இருப்பவரை நம்பிப் பொறுப்பைக் கொடுங்கள்" என்று மெட்ராஸிலிருந்து வந்த பயிற்சியாளர் தொண்டை வறள விளக்கினார். தலையெண்ணி கையைத் தூக்கினார்.

"சார், டீக்கு அப்புறம் ரெண்டு பேர் கொறையறாங்க."

கடைசி நாள் பெல்ட்டிலேயே பரீட்சை. அவருக்கு மட்டுமல்ல, அவரிடம் பயிற்சியில் இருந்த எனக்கும். தேறினால்தான் நான் பர்மனென்ட். பர்மனென்ட் ஆனால்தான் தட்டு மாற்றுவோம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். 

"இன்னைக்கு இவர்தான் எண்ணுவார், இவர்தான் ஓட்டுவார். நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று என்னைக் காட்டித் தலையெண்ணியிடம் சொன்னார் பயிற்சியாளர்.

"சரிங்க" என்றார் தலையெண்ணி, பல் பிடுங்கச் சம்மதித்தவர் போல.

ஆட்கள் மேலே வந்தார்கள். டோக்கனை மாட்டினார்கள். அலமாரியிலிருந்த தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள். நான் பலகையை எண்ணினேன். எட்டு. திரும்ப எண்ணினேன், எட்டுதான். பயிற்சியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்த பதற்றத்தில், தலைகளை எண்ணவே தோன்றவில்லை. கேபினுக்குள் போய்ச் சங்குப் பொத்தானில் விரலை வைத்தேன்.

ஜன்னலில் ஒரு தூக்குவாளி எழுந்தது. பின்னாலேயே தலையெண்ணியின் முகம். உதடுகள் இறுகியிருந்தன, விழிகள் பிதுங்கின. வாளியைக் காட்டினார், காலியான அலமாரியைக் காட்டினார், பெல்ட்டின் அடியைக் காட்டினார். மூடியில் பச்சைப் பொட்டு. எட்டுப் பேரில் ஒருவனான காசியுடைய வாளி!

விரலை எடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் காசி அடியிலிருந்து தவழ்ந்து வந்தான்.

"மம்மட்டிய வுட்டுட்டேங்க. எடுத்துகினு வரத்துக்குள்ள, பின்னாலயே வரேன்னு நெனச்சிகினு கூட்டாளி, அவங்கிட்ட குடுத்து வச்சிருந்த என் டோக்கனயும் சேத்து மாட்டிட்டான்."

 நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயிற்சியாளர் தலையெண்ணிக்கு 'குறுக்கே பேசாமை' என்ற இடத்தில் முழு மதிப்பெண் போட்டார். என் பெயருக்கு வந்ததும் பேனா நின்றது.

"இப்பவாவது பேசலாங்களா?" என்றார் தலையெண்ணி. "இனிமே ஜென்மத்துக்கும் இந்தத் தம்பி டோக்கன மட்டும் நம்பாதுங்க. நாளைக்கு இன்னொரு வாட்டி வையுங்க."

மறுநாள் டோக்கன், தலை, தூக்குவாளி எல்லாவற்றையும் எண்ணினேன். பெல்ட்டின் அடியில் ஒரு நடை நடந்தும் பார்த்தேன். "எட்டு சார்" என்றேன். தலையெண்ணி பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பத் துடித்த கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஓட்டுங்க தம்பி" என்றார்.

ஆர்டர் வந்தது. தட்டும் மாற்றினோம். கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு இலையாக எண்ணிக்கொண்டே வந்தவர், என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினார்.

"இந்தப் பந்தியில எத்தினி பேரு தம்பி?"

"நாப்பத்தி ரெண்டு சார்."

மேற்கொண்டு எண்ணவில்லை. நிம்மதியாக உட்கார்ந்து பாயசம் கேட்டார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.