பூசணிக்காய்க்கு ஓங்கிய குக்ரி

கோபக்காரன் கையில் கத்தி இருக்கக் கூடாது என்பார்கள். என் வீட்டில் ஏழு இருக்கின்றன. எல்லாமே நேபாளத்துக் குக்ரி. இன்றுவரை அவற்றால் ஒருவனைக்கூட நான் வெட்டியதில்லை, என்னைத் தவிர.

திருத்தணியில் திருப்பதி ரோட்டோரம் எனக்கு லாரிப் பட்டறை. உடைந்த ஸ்பிரிங் பட்டையைக் கழற்றிப் புதியது மாட்டுவது தொழில். (கத்துவதுதான் தொழில், பட்டை சும்மா சைடு வேலை என்பாள் என் மனைவி சுகுணா.) பக்கத்துக் கடையில் நூடுல்ஸ் போடுபவர் தில்குமார். நேபாளத்துக்காரர். இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அவரை "ஏய் கூர்க்கா" என்றுதான் கூப்பிட்டேன். அவர் ஒருநாள்கூட வாட்ச்மேன் வேலை பார்த்ததில்லை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

ஒருநாள் அவர் முட்டைகோஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நடுவில் வளைந்திருந்தது.

"இன்னாய்யா, கத்தி கோணலா கீது?"

"எங்க ஊரு கத்தி இப்படித்தான்ணா. இது உன் லாரிப் பட்டைதான். எங்க மாமா அடிச்சது."

அங்கே விழுந்தேன். நான் பழைய இரும்புக்குத் தூக்கிப் போடும் பட்டையைக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து, அவருடைய மாமா இப்படி ஆக்கியிருக்கிறார்! எனக்கும் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. போனில் பார்த்து நானே ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது, சிங்கம்கூடப் பொறித்திருந்தது. இளநீரில் ஒரு போடு போட்டேன். பிடி என் கையில் இருந்தது, கத்தி எதிர்ச் சாக்கடையில் இருந்தது. இளநீருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அது சுவத்துல மாட்டுறதுண்ணா" என்றார் தில்குமார். அதன்பிறகு அவர் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவருடைய மாமாவிடம் சொல்லி ஒன்று அடித்து வாங்கிவரச் சொன்னேன். எருமைக்கொம்புப் பிடி, மரப்பிடி, ஒரு சாண் நீளம், ஒரு முழ நீளம் என்று சேர்ந்துகொண்டே போனது.

ஏழாவதைக் கொடுக்கும்போது அவர் ஒன்று சொன்னார். "அண்ணா, இது ரொம்பக் கூரு. உறை உள்ள ரெண்டு மரத்தகடு, மேல தோலு, அவ்ளோதான். உருவும்போது கத்தி தகடு ஒட்டுன எடத்தைப் பொளந்துகினு வெளிய வரும். உறையோட முதுகுப் பக்கம் மட்டும் புடி. விரலைச் சுத்திப் புடிக்காத."

"யோவ், இருபது வருஷமா இரும்போட கெடக்குறேன். எனக்கே சொல்றியா?"

மறுநாள் டீ குடிக்கும்போது இன்னொரு முறை சொன்னார். இன்னொரு முறை கத்தினேன்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த சுகுணா, குக்ரி உறைக்கும் பாவம் பார்த்துச் சந்தனத்தைக் குழைத்து முழுக்கப் பூசிவிட்டாள். பட்டறை வாசலில் தெருவே நின்றது. அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கும் என் மச்சான், சுகுணாவின் தம்பி சேகரும் வந்திருந்தான். பூசணிக்காயில் ஓட்டை போட்டுக் குங்குமம் கொட்டி, கற்பூரம் ஏற்றிச் சுற்றியாகிவிட்டது. தரையில் போட்டு உடைத்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தானே உடைக்கிறார்கள்?

"எல்லாரும் தள்ளிப் போங்க, ஒரே போடு!" என்று குக்ரியைத் தூக்கினேன். உறை சந்தனத்தில் வழுக்கியது. வழுக்குகிறதே என்று ஐந்து விரலையும் சுற்றி இறுக்கிப் பிடித்து, ஒரே இழுப்பு இழுத்தேன்.

கை சிவந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது.

"பாவா, குங்குமம் கொஞ்சம் ஓவரு" என்றான் சேகர்.

அது குங்குமம் இல்லை என்று முதலில் புரிந்துகொண்டவர் தில்குமார். அதற்குள் ஒருத்தி காபித்தூளோடு ஓடிவந்தாள், ஒருவர் மஞ்சள்தூள் என்றார். என் பட்டறையிலேயே வேலை செய்யும் ஒரு மகராசன் கிரீஸ் டப்பாவைத் திறந்தான். தில்குமார் எல்லோரையும் தள்ளிவிட்டு, தன் தோள் துண்டைக் கிழித்து இறுக்கிக் கட்டி, என் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏற்றினார். கூட்டத்துக்கு நடுவே கத்தி திறந்து கிடக்கிறதே என்று அதையும் பேப்பரில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அதுதான் வம்பாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடிக்கும்போது கான்ஸ்டபிள் ஒருவர் நோட்டோடு வந்தார். கத்திக் காயம் என்றால் விசாரிப்பார்கள்.

"எவன் வெட்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் முந்திக்கொண்டான். "கத்தி அந்த நேபாள்காரன்து சார்."

கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தார். சட்டை முழுக்க ரத்தம், கையில் குக்ரி. தில்குமார் நின்றிருந்தார்.

"அந்தக் கத்தியக் கீழ வை. தோ, அங்க ஓரமா தரையில உக்காரு."

பதினைந்து வருடத்தில் அவர் முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தேன். போய்த் தரையில் உட்கார்ந்தார். கை வலியைவிட அது வலித்தது.

"சார், அவரு ஒன்னும் பண்ணல. நானே வெட்டிகினேன்" என்றேன்.

"ஏன், வூட்ல சண்டையா?"

"இல்ல சார். பூசணிக்கா ஒடைக்க."

"ஒடைக்கும்போது கை குறுக்க வந்துடுச்சா?"

"பூசணிக்கா கிட்டயே போகல சார். கத்தி உறையில இருக்கும்போதே."

நர்ஸ் ஊசியோடு நின்றுவிட்டார்.

"உறையில கீற கத்தி எப்படிய்யா வெட்டும்?"

வேறு வழியில்லை. பக்கத்துப் படுக்கைப் பெரியவரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வாங்கி, கட்டுப்போட்ட கையால் பிடித்து, நான் செய்த மடத்தனத்தை அத்தனை பேர் முன்னாலும் செய்துகாட்டினேன்.

"இப்படிப் புடிக்காதன்னு உனக்கு யாரும் சொல்லலியா?"

"அவருதான் சார் சொன்னாரு. ரெண்டு வாட்டி."

"நீ இன்னா சொன்ன?"

"எனக்கே சொல்றியான்னேன் சார்."

கான்ஸ்டபிள் நோட்டை மூடினார். தில்குமாரைப் பார்த்து, "நீ எழுந்து வாப்பா, சேர்ல உக்காரு" என்றார். பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. துண்டை அப்படி இறுக்கிக் கட்டியவர் யார் என்று டாக்டரும் கேட்டார். அவருக்குக் கும்பிடு போடு என்றார். போட்டேன், ஒற்றைக் கையால். வருடத்திலேயே அதிக வியாபாரம் ஆகும் நாளில், எனக்காகக் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்த மனிதர் அவர். எனக்குக் கோபம் வருகிற அளவுக்கு நன்றி சொல்ல வராது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான்கு விரல்கள் பழையபடி வேலை செய்கின்றன. சுண்டுவிரல் மட்டும் மடங்காது. சண்டைக்குக் கையை மடக்கி ஓங்கினால் அது தனியாக நட்டுக்கொண்டு நிற்கும். சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினால் எதற்கு என்று பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். போன மாதம் ஒரு லாரி டிரைவரைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தேன். அவன் பொறுமையாகப் பின்பக்கம் கை காட்டினான். வீட்டில் குரலை உயர்த்தினால், "பாத்ரூம் காலியாத்தான் கீது, போங்க" என்கிறாள் சுகுணா. ஒரு சண்டையையும் முழுசாகப் போட முடிவதில்லை.

இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்குக் குக்ரியை உருவுவது தில்குமார்தான். முதுகுப் பக்கம் பிடித்து, நிதானமாக. இந்த வருடம் ரொம்பத்தான் நிதானமாக இருந்தார். கற்பூரம் அணையப் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கையை ஓங்கிக் கத்திவிட்டேன். அவர் குக்ரியைக் கீழே வைத்தார். என் கையைப் பார்த்தார்.

"போய்ட்டு வாண்ணா" என்றார். "பூசணிக்கா எங்கயும் ஓடாது."