மூணு ஜோடி கையுறை போட்ட சித்தப்பாவுக்கு

மதிப்பிற்குரிய பல் டாக்டர் சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நேற்று நீங்கள் உடுத்திக்கொண்டு நின்ற நிற்புக்கு, நோய் என்ன, கொசுகூடக் கிட்டே வந்திருக்காது.

உங்கள் கிளினிக்கில் பார்க்கும் உதவியாளர் வேலையை இன்றோடு விடுகிறேன். “காலேஜையும் இப்படித்தான் பாதியில விட்டா”ன்னு சித்தி ஆரம்பிப்பாங்க. ஆரம்பிக்கட்டும். முழுசாப் படிச்ச நீங்க நேத்து என்ன கிழிச்சீங்கன்னு நான் பார்த்தேனே.

தையல்காரர் கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்தார். நீங்கள் வழக்கம்போல, “சுகர், பிரஷர் ஏதாவது இருக்கா?” என்று கேட்டீர்கள். “அதெல்லாம் இல்ல டாக்டர். எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறேன்”னு அந்த மனுஷன் உள்ளதைச் சொன்னார். அவ்வளவுதான், சக்கரம் வெச்ச உங்க ஸ்டூல் உங்களைத் தூக்கிக்கிட்டு சுவர்வரைக்கும் ஓடிச்சு. அலமாரியில இருந்த மாதிரிப் பல் செட்டு உங்க மடியில விழுந்து உங்களைப் பார்த்தே இளிச்சுது. அப்புறம் கையுறைமேல கையுறை, அதுமேல ஒண்ணு, விரலெல்லாம் வாழைப்பழம் மாதிரி ஆகி, பல் பார்க்கிற கண்ணாடிக் குச்சியைப் பிடிக்க முடியல. மழைக்கோட்டு வேற. ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டு விட்ட மூச்சுல அதுவே மூடுபனி ஆகி, நீங்க குச்சியை அவர் மூக்குல விட்டீங்க. “டாக்டர், பல்லு கொஞ்சம் கீழ இருக்கு”ன்னு அவர்தான் வழி சொன்னார். பின்னாடி நின்ன சித்தி ரூம் ஸ்ப்ரேயை அடிச்சு விட்டாங்க. கிருமிக்கு ரோஜா வாசனை பிடிக்காதுபோல!

கடைசியில “எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர், வேற எங்கயாவது பாருங்க”ன்னீங்க. அஞ்சு நிமிஷம் முன்னாடி பேங்க் மேனேஜருக்குப் படம் எடுத்த மெஷின்! அந்த மேனேஜருக்குக் கருவியைக் கொதிகலன்ல போடப் போன என்னை என்ன சொன்னீங்க? “நேரமாச்சு, நல்ல குடும்பத்து ஆளு, சும்மா கழுவிக் குடு.” நல்ல குடும்பம்னா கிருமி கும்பிடு போட்டுட்டுத் திரும்பிப் போயிடுமா சித்தப்பா? அதைக் கொதிக்க வைக்காம நான் குடுக்கலங்கறது வேற விஷயம். வாயைத் திறந்து உண்மை சொன்னவருக்கு மழைக்கோட்டு, சொல்லாதவங்களுக்கு வெறும் குழாய்த் தண்ணி. பெண்கள் கல்லூரி மேடையில “எல்லாருக்கும் ஒரே சுத்தம், தனியா யாருக்கும் பயப்பட வேண்டாம்”னு மைக் அதிரப் பேசினது உங்க குரல்ல வேற யாரோவா?

இன்னும் கேளுங்க. வாசல்வரை நான்தான் அவரைக் கொண்டுபோய் விட்டேன். போன வருஷம் நாக்குல வெள்ளையாப் படிஞ்சிருக்குன்னு பார்த்து, ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கன்னு அவரை அனுப்பினதே நீங்கதானாம். “டாக்டர் பார்த்துச் சொன்னதாலதாம்மா நான் உயிரோட இருக்கேன். இப்ப ரத்தத்துல கிருமி தெரியவே இல்லங்கறாங்க. அந்த நன்றிக்குத்தான் ஒளிக்காம சொன்னேன். ஒளிச்சிருந்தா இந்நேரம் பல்லைப் பிடுங்கியிருப்பாருல்ல?” என்றார். அதுக்குப் பதில் நீங்கதான் சொல்லணும்.

கண்டுபிடிக்கத் தெரிஞ்ச உங்களுக்குக் கைகொடுக்கத் தெரியல. ஆகவே, வணக்கம். சித்திக்கும் என் வணக்கம். அதைக் கையுறை போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லவும்.

இப்படிக்கு,
படிப்பையும் வேலையையும் பாதியில் விட்ட
அண்ணன் மகள்

பி.கு.: இதை உங்க மாடி வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போகத்தான் வந்தேன். கீழே கிளினிக் படியில தையல்காரர் உட்கார்ந்திருக்கார். மத்த ரெண்டு கிளினிக்கும் ஏறி இறங்கியிருக்கார். அங்கயும் கேட்டாங்களாம், இவரும் சொன்னாராம். கன்னம் இப்ப கண்ணை மூடுது. நான் கதவைத் திறந்து, அவரை நாற்காலியில உட்கார வெச்சு, கொதிகலனையும் போட்டுட்டேன். வேலையை விடறதை அப்புறம் பார்த்துக்கலாம். வெளியில ஒரே ஒரு ஜோடி கையுறைதான் இருக்கு. மத்ததெல்லாம் பூட்டியாச்சு, சாவி என் இடுப்புல. சீக்கிரம் இறங்கி வாங்க சித்தப்பா. “டாக்டரைப் பயப்படாம வரச் சொல்லும்மா, நான் கூட இருக்கேன்”ங்கறார்.