லிங்க் சாரின் நூலகம்

உலகத்தில் எத்தனையோ உயிரினங்கள் அருகி வருவதாகக் கவலைப்படுகிறார்கள். கவலையே பட வேண்டாத இனம் ஒன்று இருக்கிறது. அது நாளொரு மேனியாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. "புதுசா ஒண்ணு வந்திருக்கு, பார்த்தீங்களா?" என்று பேச்சைத் தொடங்குகிற இனம். இன்னும் பார்க்கவில்லை என்று சொன்னால் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டேன் என்று சொன்னால் இன்னும் மோசம். அது பழசாகிவிட்டது, அதற்குப் பிறகு ஒன்று வந்திருக்கிறது என்பார்கள். எதைச் சொன்னாலும் உங்கள் கைப்பேசி அவர்கள் கைக்குப் போய்விடும். திரும்பி வரும்போது அதில் நீங்கள் கேட்காத நாலைந்து சமாசாரங்கள் குடியேறியிருக்கும்.

இந்த இனத்தை அலுவலகங்களில் பார்க்கலாம், ரயில் பெட்டியில் பார்க்கலாம், பல் வைத்தியரிடம் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் பார்க்கலாம். ஆனால் அசல் சரக்கு வேண்டுமென்றால் ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குத்தான் போக வேண்டும். வாருங்கள், போய்விட்டு வருவோம். மாடிப்படி ஏறி, ரசாயனக்கூடத்து நெடியை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டினால் கடைசி அறை. பெரிய ஜன்னல்கள், நல்ல வெளிச்சம், சுவரெல்லாம் அலமாரி. நடுவில் மேஜைக்குப் பின்னால் இருப்பவர்தான் லிங்க் சார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளத்தன்று மட்டும் பயன்படும். யார் எதைக் கேட்டாலும் "லிங்க் அனுப்புறேன்" என்று சொல்லிச் சொல்லி, பள்ளிக்கூடமே அவருக்கு லிங்க் சார் என்று பெயர் வைத்துவிட்டது. ஒருமுறை கணக்கு டீச்சர் அவசரமாக வந்து அகராதி இருக்கிறதா என்று கேட்டார். அகராதி லிங்க் சாரின் முழங்கைக்கு அடியிலேயே இருந்தது. அவர் முழங்கையை எடுக்கவில்லை. லிங்க் அனுப்பினார்.

பிறவியிலேயே அவர் இப்படி இல்லை, பாவம். முன்பெல்லாம் வாசலில் வந்து நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார், எழுந்து போவார், ஒரு புத்தகத்தை உருவிக் கையில் கொடுப்பார். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்புறம் ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே கோட்டு போட்ட ஒருவர் திரையில் படம் காட்டி, "மாறாதவர்கள் மாற்றப்படுவார்கள்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். லிங்க் சார் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். பயந்த மனுஷன் என்னதான் செய்ய மாட்டான்? அன்று தொடங்கிய மாற்றம் இன்னும் நின்றபாடில்லை.

இப்போது அந்த அறையில் ஒரு பிள்ளை ஒரு கதைப் புத்தகம் எடுக்க வேண்டுமென்றால், முதலில் பலகைக் கணினியில் பதிவுசெய்துகொண்டு, தனக்கென்று ஒரு பொம்மை முகத்தைத் தேர்ந்தெடுத்து, அந்த முகத்துக்குத் தொப்பி வேண்டுமா கண்ணாடி வேண்டுமா என்று முடிவுசெய்து, இன்று உன் மனநிலை என்ன என்ற கேள்விக்கு ஐந்து மூஞ்சிகளில் ஒன்றைத் தொட்டு, அலமாரியில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட சீட்டைப் படம்பிடித்து, அது மங்கலாக இருக்கிறது என்று சொன்னால் மறுபடியும் படம்பிடித்து, இவ்வளவுக்கும் பிறகு "வாழ்த்துகள்! நீங்கள் ஒரு வாசிப்பு வீரர்" என்ற பட்டத்தைப் பெற்றுக்கொள்வதற்குள் மணி அடித்துவிடும். வீரர் வெறுங்கையோடு வகுப்புக்குப் போவார்.

கேட்டால், "ரொம்ப ஈஸி, மூணே கிளிக்" என்பார் லிங்க் சார். மூன்று என்பது அவர்கள் இனத்தில் ஓர் எண் அல்ல, ஒரு நம்பிக்கை.

இந்தக் கருவிகள் எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான் இலவசம். அதற்குப் பிறகு காசு கேட்கும். காசு கொடுத்து வாங்குவது இந்த இனத்தின் மரபுக்கு விரோதம். ஆகவே வேறொரு கைப்பேசி எண்ணில் புதிதாகச் சேர்ந்துகொள்வார்கள். லிங்க் சார் தன் எண்ணைத் தீர்த்தார், மனைவியின் எண்ணைத் தீர்த்தார், மச்சான் எண்ணையும் தீர்த்தார். மச்சான் இப்போது அவர் போனை எடுப்பதில்லை. மிஞ்சியது மாமியார். ஒவ்வொரு கருவியில் நுழைவதற்கும் வேண்டிய ரகசிய எண் மாமியாரின் கைப்பேசிக்குப் போகும். அவர் கண்ணாடியைத் தேடி, போட்டு, கடன் வேண்டுமா என்று கேட்டு வந்த செய்தியை முதலில் முழுக்கப் படித்து, அதற்கு மேலே இருப்பதைப் படியுங்கள் என்று மாப்பிள்ளை கெஞ்சிய பிறகு எண்ணைச் சொல்வதற்குள் அது காலாவதியாகியிருக்கும். நூலகம் நடந்துகொண்டிருந்தது இப்படித்தான்.

இதற்கிடையில் விளையாட்டு ஆசிரியர் அந்த அறையின் மேல் கண் வைத்தார். பந்துகளும் வலைகளும் பாய்களும் வைக்க அவருக்கு இடமில்லை. நூலகத்தில் பிள்ளைகள் யாரும் படிப்பதாகத் தெரியவில்லையே, அறை சும்மாதானே கிடக்கிறது என்று தலைமை ஆசிரியையின் காதில் போட்டுவைத்தார். தலைமை ஆசிரியை அதை, பள்ளிக்கூடத்தை நடத்துகிற தாளாளர் அம்மாவின் காதில் போட்டார். வியாழக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், பயன்பாடு இருந்தால் நூலகம், இல்லாவிட்டால் பந்து என்றும் தாளாளர் அம்மா சொல்லி அனுப்பினார்.

லிங்க் சார் ஆடிப்போனார். என்ன இருந்தாலும் அவருடைய அறை அது. ஒவ்வொரு அலமாரியையும் அவரே நிறுத்தி, கரையான் வந்தபோது அவரே உட்கார்ந்து மண்ணெண்ணெய் தடவி, குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட அறை. அங்கே பாய் சுருட்டி வைப்பார்களாம். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வேறொருவர் என்றால் என்ன செய்திருப்பார்? நாலு பிள்ளைகளைக் கூப்பிட்டு, கையில் ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்து உட்கார வைத்திருப்பார். லிங்க் சார் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று தேடினார்.

வந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் உதவியாளர். நீங்கள் தட்டச்சு செய்தால் போதும், அதுவே உட்கார்ந்து பேசும். அதில் மருந்துக்கடைக்கு, சலூனுக்கு, பயண ஏற்பாட்டுக்கு என்று ஆயத்த உதவியாளர்கள் வரிசையாக இருந்தார்கள். லிங்க் சார் தேடும் கட்டத்தில் "நூல்" என்று அடித்தார். முதலிலேயே வந்தது: "நூல் உதவியாளர். உங்கள் வாடிக்கையாளர்களின் நூல் தேவைகள் அனைத்துக்கும்." வாடிக்கையாளர் என்ற சொல் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அதை எடுத்துவிட்டு "மாணவர்" என்று போட்டார். பேசும் நூலகர் என்று பெயர் சூட்டினார். வணக்கம் என்று அடித்துப் பார்த்தார். "வணக்கம்! உங்களுக்கு என்ன நூல் வேண்டும்?" என்றது அது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஒன்றை நிறுவிவிட்டால் அடுத்ததைத் தேடப் போவதுதானே வழக்கம்.

வியாழக்கிழமை வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு பலகைக் கணினி. ரகசிய எண் வந்தால் எல்லாம் திறந்துகொள்ளும். லிங்க் சார் வராந்தாவில் நின்று மாமியாரை அழைத்தார்.

"வந்திருக்கு மாப்பிள்ளை, ஆனா சொல்ல மாட்டேன்."

"ஏன் அத்தை?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. இத்தனை நாளா நான் கவனிக்கல. நீங்களே கேட்டாலும் சொல்லக்கூடாது. காலம் கெட்டுக் கிடக்கு, நீங்கதான் பேசுறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தான் மாப்பிள்ளைதான் என்பதை நிரூபிக்க லிங்க் சார் திருமண நாள், மனைவியின் இரத்த வகை, மாமனாருக்கு எந்தக் கால் வலி என்பது வரை சொல்லிப் பார்த்தார். இதெல்லாம் திருடனுக்குத்தான் இவ்வளவு விவரமாகத் தெரியும் என்று மாமியார் வைத்துவிட்டார். அதற்குள் படியில் தாளாளர் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

பலகைக் கணினிகள் திறக்கவில்லை. மேஜைமேல் இருந்த ஒரே கணினியில் பேசும் நூலகர் மட்டும் விழித்திருந்தார். தாளாளர் அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் தலைமை ஆசிரியை, அவருக்குப் பின்னால் அறையின் நீள அகலத்தைக் கண்ணாலேயே அளந்துகொண்டு விளையாட்டு ஆசிரியர். தாளாளர் அம்மா ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தேடி, "நல்ல நூல் வேண்டும்" என்று அடித்தார்.

"மகிழ்ச்சி! பருத்தியா, பட்டா, கம்பளியா?" என்றது திரை.

தாளாளர் அம்மா திரும்பி லிங்க் சாரைப் பார்த்தார்.

"வகை பிரிக்குது மேடம்," என்றார் லிங்க் சார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"பருத்தின்னா?"

"எளிய நடை. சின்னப் பிள்ளைங்களுக்கு."

"பட்டு?"

"கவிதை, மேடம்."

"அப்ப கம்பளி?"

லிங்க் சார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "குளிர் நாட்டுப் பயணக் கதைகள்."

தாளாளர் அம்மா கம்பளியைத் தொட்டார். மெல்லியதா, தடித்ததா என்று கேட்டது திரை. பக்க எண்ணிக்கை என்று லிங்க் சார் முந்திக்கொண்டு விளக்கினார். என்ன நிறம் என்று கேட்டது. அட்டை என்றார். துவைத்தால் சாயம் போகாத ரகமா, சாதா ரகமா என்று கேட்டது. லிங்க் சார் மேஜைமேல் இருந்த அகராதியை எடுத்து நேராக வைத்தார். விளையாட்டு ஆசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய தோள்கள் குலுங்கின.

எல்லாம் முடிந்தது என்று லிங்க் சார் நினைத்தார். ஆனால் தாளாளர் அம்மா கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். அவருடைய மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. பேரக்குழந்தைக்கென்று அவர் பின்ன ஆரம்பித்த மஞ்சள் ஸ்வெட்டர் கழுத்துப் பக்கத்தில் சுருங்கிச் சுருங்கிக்கொண்டு மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாமல் இருந்தவருக்கு ஆள் கிடைத்துவிட்டது. கழுத்து ஏன் சுருங்குகிறது என்று அடித்தார். எந்த ஊசி என்று கேட்டு, கண்ணிகளை எங்கே கூட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னது அது. மஞ்சளுக்கு என்ன கரை போடலாம் என்று கேட்டார். கிளிப்பச்சை என்றது. தாளாளர் அம்மா "அட" என்றார். அந்த வகுப்பு நேரம் முழுக்க அப்படியே போயிற்று. தலைமை ஆசிரியை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

மணி அடித்ததும் தாளாளர் அம்மா எழுந்தார். முகமெல்லாம் மலர்ச்சி. "இத்தனை உபயோகமான விஷயம் இந்த ஸ்கூல்ல நடக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே," என்று தலைமை ஆசிரியையைக் கடிந்துகொண்டார். லிங்க் சாருக்கு உயிர் வந்தது. பாய் சுருட்ட இந்த அறை கிடைக்காது என்று தாளாளர் அம்மா சொன்னதும் விளையாட்டு ஆசிரியரின் முகம் தொங்கியது. தாளாளர் அம்மா ஜன்னல்களை ஒருமுறை பார்த்தார்.

"எவ்வளவு வெளிச்சம் பாருங்க. தையலுக்கு இதுதான் முக்கியம். அடுத்த வாரத்துலேருந்து இங்க தையல் வகுப்பு நடக்கட்டும். சாரே பாத்துக்கட்டும், அவருக்குத்தான் நூலைப் பத்தி எல்லாம் தெரியுதே."

"அருமையான யோசனை மேடம்," என்றார் தலைமை ஆசிரியை. "வாசல்ல நூலகம்னு இருக்கிற போர்டைக்கூட மாத்த வேண்டாம்."

"மேடம், புத்தகமெல்லாம்?" என்று மட்டும் கேட்டார் லிங்க் சார். அழுகை வந்தது, உண்மையாகவே வந்தது. வராந்தாவில் இடம் இருக்கிறதே என்று சொல்லிவிட்டுத் தாளாளர் அம்மா படியிறங்கினார்.

இப்போது அலமாரிகள் வராந்தாவில், குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கின்றன. அங்கே இணையம் எட்டாது. பதிவு இல்லை, பொம்மை முகம் இல்லை, மாமியாருக்கும் தொந்தரவு இல்லை. தண்ணீர் குடிக்க வருகிற பிள்ளைகள் கையைத் துடைத்தும் துடைக்காமலும் ஆளுக்கொன்றை உருவிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி, இதில் திமிங்கலம் செத்துப்போகுமா சார் என்று கேட்டாள். லிங்க் சாருக்கு அனுப்ப லிங்க் இல்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தார். சாகாத திமிங்கலம் ஒன்று இருக்கிறது என்று சொல்லி, எழுந்து போய், வேறொரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார்.

அதற்காக ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனம் திருந்தாது. குழாய் மேடையின்மேல் ஏறி நின்று கையை நீட்டினால் கொஞ்சம் சிக்னல் கிடைக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். ஊசியில் நூல் கோக்கக் கற்றுத்தர ஒன்று வந்திருக்கிறதாம்.

சரி, அவர் மேடையிலேயே நிற்கட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதைப் படிக்கப் படிக்க, "அச்சு அசல் அவரேதான்" என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகம் மனதில் வந்திருக்குமே? இதை அவருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று விரல் துடித்திருக்குமே? முழுக்கப் படித்துவிட்டு அனுப்பலாம் என்று காத்திருந்தீர்களா, இல்லை பாதியிலேயே அனுப்பிவிட்டீர்களா? அனுப்பியிருந்தால் ஒரே ஒரு எச்சரிக்கை. அவரும் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பார், அவருக்கும் ஒரு முகம் மனதில் வந்திருக்கும். அது யாருடையது என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள்.