தாத்தா நீதிமன்றத்தின் தடையுத்தரவு

வாருங்கள், கண் படைத்த தோழர்களே! மருத்துவர் காப்பாற்றக் காத்திருந்த ஒரு சிறுமியை, சினிமாக் காட்சி ஒன்று சாவின் வாசலில் நிறுத்திய கொடுமையைக் காண வாருங்கள்!

ஊரெங்கும் ஒரே கிறிஸ்துமஸ் படம். பூட்டிய வீட்டில் புகுந்ததாகக் கிறிஸ்துமஸ் தாத்தாமீது வழக்கு. கடைசிக் காட்சியில், "இவர் சொல்லே சட்டம்" என்று நீதிபதி விடுவிக்கிறார். அரங்கமே அழுதது. ஒருவன் மட்டும் அழவில்லை. அரங்குக்கு எதிர் மாடியில் அறை பிடித்தான். கறுப்பு அங்கி, தலையில் சிவப்புக் குல்லா, வாசலில் 'தாத்தா நீதிமன்றம்' என்ற பலகை! குறையை மனுவாக எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டும். உறையைப் பிரிக்காமலே தாத்தா படிப்பாராம். மூன்றாம் நாள் தீர்ப்பாம். கட்டணம் மட்டும் பூலோக நாணயத்தில்!

தெருமுனைவரை வரிசை. துணி தேய்த்துப் பிழைக்கும் ஒரு தாயும் அதில் நின்றாள். மகளின் காதுக்குப் பின்னே சீழ். வெள்ளிக்கிழமை அறுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் மருத்துவர். குல்லாக்காரனோ, தாத்தாவே குணமாக்குவார் என்று சொல்லி, அறுவைக்கே தடையுத்தரவு தந்தான்!

அவள் தங்கை உண்மையான நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவள்.

"அக்கா, உனக்கென்ன கிறுக்கா? வெள்ளிக்கிழமை பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்பு."

"போடி! மீறினா கோர்ட் அவமதிப்பாம்."

"அப்ப நானும் ஒரு மனு போடறேன். தீர்ப்பு சொல்றப்ப நீ கூட இரு."

தங்கையிடம் உறையை வாங்கிய குல்லாக்காரனின் மேசைக்காரி கனிவோடு கேட்டாள்: "என்னம்மா குறை?"

"வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலிங்க."

வியாழக்கிழமை. கூட்டத்தின் நடுவே குல்லாக்காரன் முழங்கினான்: "உன் மனுவை வரிவரியாகத் தாத்தா படித்தார்! உன் கணவனின் நெஞ்சுவலிக்கு நிரந்தரத் தடை!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. தங்கை தன் உறையைத் திரும்ப வாங்கினாள். உடையாத அரக்கை அக்காவின் கண்முன்னே உடைத்தாள். உள்ளே வெள்ளைத்தாள்!

"எந்த வரியய்யா படிச்சார் தாத்தா? எனக்குக் கல்யாணமே ஆகலையே!"

"அது... வருங்காலக் கணவர்..."

"அப்ப நெஞ்சுவலியும் வருங்காலமா?"

கூட்டம் சிரித்தது. தாய் சிரிக்கவில்லை. தன் கையிலிருந்த தடையுத்தரவைப் பார்த்தாள். அதைக் கிழித்தெறிந்து வீட்டுக்கு ஓடினாள்.

வெள்ளிக்கிழமை கத்தி தன் கடமையைச் செய்தது, சிறுமி பிழைத்தாள். பலகையோ அடுத்த தெருவுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது! தோழர்களே, இன்றே அங்கே செல்லுங்கள். கண்ணீரோடு அல்ல, ஆளுக்கொரு வெள்ளைத்தாளோடு செல்லுங்கள்!