உலகநாதக் கீரியின் கால் வளர்ந்த கதை

ஒரு காட்டில், ஆறு வளையும் இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே, கீரிகள் குடியிருந்தன. பக்கத்திலேயே ஒரு பெரிய புற்று. புற்றுக்குள் ஒரு நல்லபாம்பு. கீரி இருக்கிற ஊரில் பாம்புக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பாம்பு போய்விட்டால் புற்றுக்காவல் சங்கம் எதற்கு, அதற்கு ஒரு தலைவர் எதற்கு, செயலாளர் எதற்கு? ஆகவே பாம்பைச் சௌகரியமாக வைத்திருந்தார்கள்.

தலைவரைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை வெள்ளம் வடிந்ததும் ஆற்றங்கரையில் வண்டல் படியும். கீரிகள் வரிசையில் வந்து ஆளுக்கு ஒரு தரம் வலது முன்காலை அதில் அழுத்த வேண்டும். எவர் தடம் பெரிதோ அவர் தலைவர். பேச்சு, ஓட்டம், பல்லின் கூர்மை எதையும் பார்ப்பதில்லை. எந்தக் காலத்திலோ பெரிய காலோடு பிறந்த ஒரு கீரி பாம்பை மிதித்தே கொன்றதாம். அது பயந்து ஓடும்போது தெரியாமல் மிதித்தது என்றும் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைச் சங்கத்தில் எடுக்கக்கூடாது.

செண்பகவல்லியின் புருஷன் உலகநாதன் ஏழு வருஷமாகத் தடம் பதித்து ஏழு வருஷமும் தோற்றவன். சின்னக் கால், சாது சுபாவம். ஆனால் இந்த வருஷம் அவன் காலை எடுத்ததும் கூட்டம் வாயைப் பிளந்தது. செயலாளர் அரியநாயகம் அளவுக்குச்சியை எடுத்து வந்து மூன்று தரம் அளந்தார்.

"அம்மாடியோ! இது கீரிக் காலா, மரநாய்க் காலா? அண்ணன் இந்த வயசிலயும் வளர்ந்துகிட்டே இருக்காருய்யா!" என்றார்.

உலகநாதன் கழுத்தில் மாலை விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். செண்பகவல்லி மட்டும் கைதட்டவில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகு எந்தக் கீரிக்காவது கால் வளருமா?

கால் மட்டுமா வளர்ந்தது? கல்யாணத்தில் போட்ட செப்புக் காப்பு அவன் காலை நெரித்து, விளக்கெண்ணெய் தடவியும் கழலாமல், கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். தாடை முன்னால் துருத்தியது. முன்பெல்லாம் அவன் பல்லிடுக்கில் எலி மயிர் மாட்டும். இப்போது வாலே மாட்டியது. நாக்கு தடித்து, குரல் அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. கார்த்திகைக் குளிரிலும் வியர்த்து ஊற்றியது. தினம் தலைவலி. படுத்தால் வளை அதிரும்படி குறட்டை. அவன் செல்போன் கூட முகத்தைக் காட்டினால் திறக்க மாட்டேன் என்றது. கூடவே இருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணப் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் செண்பகவல்லிக்கு அழுகை வந்தது.

ஊராரிடம் சொன்னால் கேட்டால்தானே! தாடையைப் பார்த்து, "தலைவர் களை வந்திருச்சு" என்றார்கள். குரலைக் கேட்டு, "இதல்லவா மேடைக் குரல்" என்றார்கள். தலைவலி தாளாமல் அவன் எரிந்து விழுந்தால், "ஆள் கண்டிப்பு" என்றார்கள். பக்கத்தில் இருந்த பானையை உதைத்தான், அருகே உட்கார்ந்திருந்த பெண்டாட்டியின் வாலை மிதித்தான். "தலைவர் அக்கம்பக்கம் பார்க்க மாட்டார், எப்பவும் நேர்பார்வைதான்" என்று அதற்கும் கைதட்டினார்கள். மனுஷன் அக்கம்பக்கம் பார்க்காமல் இல்லை. அவனுக்கு அக்கம்பக்கம் தெரியவே இல்லை.

அதுதான் செண்பகவல்லிக்குப் பெரிய பயம். புதுத் தலைவர் எட்டாம் நாள் புற்றுக்கு முன்னால் தனியாக நின்று பாம்போடு மூன்று சுற்று ஆட வேண்டும். கீரிகளுக்கு அது சடங்கு. பாம்பு சங்கத்தில் உறுப்பினர் இல்லை, ஆகவே நிஜமாகவே கொத்தும். அதுவும் நேராகக் கொத்தாது, பக்கவாட்டில்தான் பாயும். போன தலைவர் ஓரக்கண்ணால் பார்த்துத் துள்ளித்தான் மூன்று சுற்றும் தப்பினார்.

தடம் பதித்த மறுநாளே அவனை இழுத்துக்கொண்டு காட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜன்னலில் ஒரு ஓணான் இருந்தது. எதைக் கேட்டாலும் தலையாட்டும், எதையும் செய்யாது.

"அறிகுறின்னு போட்ட இடத்தில ஒண்ணுதான் எழுதணும். நீ பத்து எழுதியிருக்கே" என்றது ஓணான்.

"பத்தும் இருக்கே சாமி!"

"இருந்தா பத்து படிவம், பத்து வரிசை. யாரு வேண்டாம்னா?"

முதல் நாள் கால் டாக்டர் பெரிய செருப்பு வாங்கச் சொன்னார். இரண்டாம் நாள் பல் டாக்டர், இடுக்கு இருந்தால் அதிர்ஷ்டம் என்றார். மூன்றாம் நாள் குறட்டைக்குப் போனார்கள். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி அனுப்பினார்கள். நான்காம் நாள் வியர்வை. அங்கே விசிறி கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டாக அவனைப் பார்த்தார்களே தவிர, முழு உலகநாதனை ஒருவரும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் செண்பகவல்லிக்கு ஆத்திரம் தலைக்கேறி, படிவத்தில் ஒரே அறிகுறியாக, "இது என் புருஷன் இல்லை" என்று எழுதிக் கொடுத்தாள்.

ஓணான் படித்துப் பார்த்தது. "இது மண்டைக் கேஸு. தலை டாக்டர், ஏழாம் நம்பர்" என்று தலையாட்டியது.

தலை டாக்டர் ஒரு மரங்கொத்தி அம்மாள். அவள் செருப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பழைய போட்டோ இருக்காம்மா?" என்றாள். இருந்தது. அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு, "என் அலகையே பாருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு சிறகையும் விரித்து நுனியை ஆட்டினாள். "எந்தச் சிறகு ஆடுது?"

"எது? நீங்க சிறகை விரிக்கவே இல்லையே டாக்டரம்மா" என்றான் உலகநாதன்.

மரங்கொத்தி சிறகை மடக்கிக்கொண்டாள். ரத்தம் எடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள். பிறகு செண்பகவல்லியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"மூளைக்கு அடியில, மூக்குக்குப் பின்னால, ஒரு சின்ன எலும்புக் குழி இருக்கும்மா. அதுக்குள்ள பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. மனுஷங்களுக்குப் பட்டாணி அளவு, உங்களுக்குக் கேழ்வரகு அளவு. உடம்பு எவ்வளவு வளரணும், குட்டி போட்டா எப்போ பால் சுரக்கணும், கழுத்திலிருக்கிற தைராய்டு எவ்வளவு வேலை செய்யணும், மூத்திரம் எவ்வளவு போகணும், எல்லா உத்தரவும் அங்கேயிருந்துதான் போகும்."

"அப்ப உடம்புக்கு அதுதான் தலைவரா?"

"தலைவர்னுதான் பேரு. அதுக்கு மேல ஹைப்போதலாமஸ்னு ஒண்ணு இருந்துகிட்டு அதையே ஆட்டி வைக்கும்."

"எங்க செயலாளர் மாதிரி" என்றாள் செண்பகவல்லி. அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அந்தச் சுரப்பியில இவருக்கு ஒரு கட்டி. பயப்படாதீங்க, புத்துநோய் இல்லை. ஆனா அது பாட்டுக்கு வளர்ச்சி ஹார்மோனைக் கொட்டிக்கிட்டே இருக்கு, போதும்னு மேலேயிருந்து சொன்னாலும் கேக்கிறதில்லை. காலு, தாடை, நாக்கு, வியர்வை எல்லாம் ஒரே ஆள் வேலை. இதே இடத்தில வேற மாதிரிக் கட்டின்னா குட்டி போடாமலே பால் சுரக்கும். சுரப்பி நசுங்கிப் போனா ஆள் சோந்து படுத்திருவாங்க. இவருக்குக் கட்டி மேல் பக்கமா வளர்ந்து, கண் நரம்பு ரெண்டும் குறுக்கே போற இடத்தை அழுத்துது. அதான் ரெண்டு ஓரமும் இருட்டு. விட்டா மிச்சமும் போயிரும்."

"எடுத்திரலாமா டாக்டரம்மா?"

"மூக்கு வழியா அலகை விட்டு எடுத்திரலாம். தேதி மட்டும் ஜன்னல்ல கேளுங்க."

ஓணான் பேரேட்டைப் புரட்டியது. "பங்குனி பதினேழு" என்றது.

எட்டாம் நாளுக்கு இன்னும் மூன்றே நாள். பங்குனிக்கு நான்கு மாசம்.

வழியெல்லாம் அவள் கெஞ்சினாள். "ஏங்க, பதவி வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருங்க. உங்க கால்ல விழறேன்."

"ஏழு வருஷம்டி! ஏழு வருஷம் இந்த ஊரு என் காலைப் பாத்துச் சிரிச்சுது. செத்தாலும் தலைவனாத்தான் சாவேன்" என்றான் உலகநாதன். சொல்லிவிட்டு இடது பக்கம் இருந்த வேலமரத்தில் போய் முட்டிக்கொண்டான். அவளுக்குக் கோபத்தில் அவனை அறையலாம் போல இருந்தது. நெற்றியைத் தேய்த்துவிட்டாள்.

நேரே செயலாளரிடம் போனாள். அரியநாயகம் உதட்டைப் பிதுக்கினார். "மதினி, தலைவருக்கு நோய்னு வெளிய தெரிஞ்சா சங்கத்துக்கு அவமானம். வீரமரணம்னா ஒரு நாள் விடுமுறை விடலாம். எது நல்லதுன்னு நீங்களே யோசிங்க."

அவள் யோசித்தாள். அந்தக் கீரிகளிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. தடத்தில் சந்தேகம் உள்ளவர், எட்டு நாளைக்குள் அந்தத் தடத்தில் ஒரு கருவேல முள்ளை நட்டால் விசாரணை வைத்தே ஆக வேண்டும். செண்பகவல்லி விடியற்காலம் ஆற்றங்கரைக்குப் போய், கட்டின புருஷனின் தடத்தில், கண்ணீரோடு முள்ளை நட்டுவிட்டு வந்தாள்.

சங்கம் கூடியது. உலகநாதன் அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "பொண்டாட்டியே முள்ளு வைக்கிறாளே, கலி முத்திப்போச்சு" என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள்.

அரியநாயகம் தொண்டையைச் செருமினார். "மதினி, கேள்வி ஒண்ணுதான். அந்தக் கால் அண்ணனோட சொந்தக் கால்தானா?"

"கால் அவருதுதான். ஆனா பெரிசாக்கினது அவரில்லை. அவர் தலைக்குள்ள இருக்கிற கட்டி. இந்தாங்க டாக்டர் சீட்டு."

செயலாளர் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார். முகம் மலர்ந்தது.

"முன்னாடியே இப்படி ஒண்ணு நடந்திருக்கு. ஒருத்தர் குளவி கொட்டி வீங்கின காலோட வந்து ஜெயிச்சிருக்கார். தடம் யாரால பெரிசாச்சோ அவரே வெற்றி பெற்றவர்னு தீர்மானம் போட்டு, அந்த வருஷம் குளவியைத் தலைவராக்கியிருக்காங்க. நல்லாத்தான் நடத்தியிருக்கு, ஒரு புகாரும் இல்லை." புத்தகத்தை மூடினார். "ஆகவே உலகநாதன் தோத்தார். கட்டி ஜெயிச்சாச்சு."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு, "கட்டி வாழ்க!" என்று கத்தியது. பழக்க தோஷம்தான், வேறென்ன?

செண்பகவல்லி அதையே பிடித்துக்கொண்டாள். "சரி, தலைவர் நாளைக் கழிச்சு புத்துக்கு முன்னால நிக்கணுமே. இவர் மண்டைக்குள்ள இருந்துகிட்டு எப்படி நிப்பார்?"

அரியநாயகம் திடுக்கிட்டார். தலைவர் ஒரு சாதாரண உறுப்பினரின் மூக்குக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாமல் கிடக்கிறாரே! உடனே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். கீழே சங்க முத்திரையைக் குத்தினார். கடிதத்தைப் பார்த்ததும் ஓணான் எழுந்து நின்றது. அந்த ஓணான் எழுந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"தலைவர் வர்றார்னு முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா? நாளைக் காலையில முதல் கேஸு" என்றது.

உலகநாதனுக்கு இப்போது எந்தப் பதவியும் இல்லாததால் அவன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. செண்பகவல்லிதான் கேட்டாள். "எடுத்துத் தொலைக்கட்டும். தலை வெடிக்குதுடி" என்று அவள் மடியில் சாய்ந்துகொண்டான்.

மரங்கொத்தி மூக்கு வழியே அலகை விட்டு, நல்ல சுரப்பியைத் தொடாமல், கட்டியை மட்டும் கொத்தி எடுத்துவிட்டாள். வெளியே சங்கத்தார் கண்ணாடிப் புட்டியோடும் மாலையோடும் காத்திருந்தார்கள். கட்டியைப் புட்டியில் போட்டு, புட்டிக்கு மாலை போட்டு, மேளம் கொட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். நோயாளி எப்படி இருக்கிறான் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

எட்டாம் நாள் புட்டியைப் புற்றுக்கு முன்னால் வைத்தார்கள். பாம்பு வெளியே வந்து படம் எடுத்தது. இடது பக்கம் பாய்ந்தது, வலது பக்கம் பாய்ந்தது. தலைவர் அசையவில்லை. மூன்றாம் சுற்றில் ஆத்திரம் தாங்காமல் புட்டியையே கொத்தி, பல் உடைந்து, புற்றுக்குள் ஓடிவிட்டது. "பாத்தியா! இப்படி ஒரு நெஞ்சழுத்தத்தை எந்தத் தலைவர்கிட்டயாவது பாத்திருக்கியா?" என்று கீரிகள் கட்டிப் பிடித்துக்கொண்டன. அந்தக் கட்டி அடுத்த மூன்று வருஷமும் போட்டியின்றித் தேர்வானது.

வீட்டில் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தான் உலகநாதன். வியர்வை நின்றது. காலின் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. வளர்ந்த எலும்பும் தாடையும் அப்படியேதான் இருக்கும், அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எலியை உரித்துக்கொண்டிருந்தவளிடம் அவன் திரும்பாமலே, "நீ அழறியா?" என்று கேட்டான். ஓரக்கண்ணில் அவள் தெரிந்திருக்கிறாள். அப்போதுதான் அவள் நிஜமாகவே அழுதாள்.

சற்று நேரம் கழித்து அவன் முனகினான். "என் தலைக்குள்ளேயே இருந்து தின்னு வளர்ந்தவன். பதவி ஏத்துக்கிட்டப்போ என் பேரை ஒரு வார்த்தை சொன்னானா பாத்தியா?"

"உள்ள இருந்தப்போ மட்டும் உங்களைக் கேட்டா நடந்தான்? பேசாம சாப்பிடுங்க" என்றாள் செண்பகவல்லி.

அடுத்த மாசம் அவளுக்கே பல்வலி வந்தது. ஜன்னலில் ஓணான் படிவத்தை நீட்டி, "பேரு?" என்றது. அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சொத்தைப்பல். புற்றுக்காவல் சங்கத் துணைத் தலைவர். கூட வந்திருக்கிறது செண்பகவல்லின்னு ஒரு கீரி."

ஓணான் எழுந்து நின்று நாற்காலி போட்டது.

நீதி: வரிசை நோயாளிக்குத்தான், நோய்க்குக் கிடையாது. ஆகவே வியாதி வந்தால் முதலில் அதற்கு ஒரு பதவி வாங்கிக் கொடு. அதன் தயவில் நீயும் பிழைத்துக்கொள்வாய்.